கரப்பானுக்கு ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய்: 7,500 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த விவரம்

என் பதினொரு வயது மகளுக்கு மூன்று வயதிலிருந்தே முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கரப்பான் (எக்ஸிமா எனும் அரிக்கும் தோல் நோய்) உண்டு. பனிக்காலத்தில் அது கூடும். களிம்பு தடவினால் அடங்கும். சென்ற மார்கழியில் இரவெல்லாம் சொறிந்துகொண்டு அவள் தூங்காமல் கிடந்த நாட்களில்தான், வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த விளம்பரத்தைப் பார்த்து அந்த எண்ணுக்கு நான் அழைத்தேன்.

பேசியவர் தம்மை ஊட்டச்சத்து ஆலோசகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அடிக்கு ஒரு 'அம்மா' போட்டு, குழந்தையின் வயது, எடை, உணவு என எல்லாவற்றையும் பொறுமையாக விசாரித்துவிட்டு, மாலையில் மலரும் ஒரு மஞ்சள் பூச்செடியின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் இது என்றும், பிரிட்டனில் கரப்பானுக்கு மருந்தாகவே அரசு அங்கீகரித்தது என்றும், மூன்று மாதத்தில் வேரோடு போய்விடும் என்றும் சொன்னார். அறுபது மாத்திரை கொண்ட பாட்டில் 2,500 ரூபாய். மூன்று பாட்டிலாக வாங்கினால்தான் பலன். 7,500 ரூபாயை அன்றே அனுப்பினேன்.

பணம் போனதைவிட என்னை இன்றும் உறுத்துவது அவர் கூடவே சொன்ன இன்னொன்று. ஸ்டீராய்டு களிம்பை உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் வேலை செய்யாது என்றார். அந்தக் களிம்பைப் பற்றி எனக்கு ஏற்கெனவே பயம் இருந்ததால், யாரையும் கேட்காமலே, நிறுத்தக் காத்திருந்தவள்போல நிறுத்தினேன். பத்தாம் நாள் தோல் சிவந்து தடித்தது. 'உள்ளே இருக்கும் கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி' என்று பதில் வந்தது. மூன்றாவது வாரம் சொறிந்த இடங்களில் நீர் கசிந்து, மஞ்சள் பொருக்குக் கட்டி, காய்ச்சலும் வந்தபோது அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கிருந்த மருத்துவர் திட்டவில்லை. பாக்டீரியாத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்துவிட்டு, பாட்டிலை வாங்கிப் பார்த்து, அந்த எண்ணெயின் கதையை எனக்கு விளக்கினார். அதில் பெரும்பகுதி லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். நாம் சமைக்கும் சூரியகாந்தி எண்ணெயிலும் அது தாராளமாக இருக்கிறது. சிறப்பு என்று சொல்லத்தக்கது அதில் 8 முதல் 10 சதவீதம் வரை உள்ள காமா லினோலெனிக் அமிலம். லினோலிக் அமிலத்தை அந்த அமிலமாக மாற்றும் ஆற்றல் கரப்பான் உள்ளவர்களின் உடலில் குறைவாக இருக்கலாம், எனவே அதைத் தயாராகவே கொடுத்துவிட்டால் தோல் சீராகும் என்பது ஒரு காலத்தில் நம்பிக்கையூட்டிய கருத்து. பிரிட்டனில் கரப்பானுக்கு 'எபோகாம்' என்றும் மார்பக வலிக்கு 'எஃபாமாஸ்ட்' என்றும் இந்த எண்ணெய் உண்மையிலேயே உரிமம் பெற்ற மருந்தாக இருந்தது. ஆனால் போதிய பலன் நிரூபிக்கப்படவில்லை என்று 2002-இல் அந்த உரிமங்கள் திரும்பப் பெறப்பட்டன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, இந்த எண்ணெயையும் இதே அமிலம் கொண்ட போரேஜ் எண்ணெயையும் பற்றிய 27 ஆய்வுகளை, மொத்தம் 1,596 பேரின் விவரங்களோடு தொகுத்துப் பார்த்து, வாய்வழி உட்கொள்வதால் கரப்பானுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

ஆக, ஆலோசகர் சொன்னது முழுப் பொய்யன்று; உண்மையின் முதல் பாதியை மட்டும் எனக்கு விற்றிருக்கிறார். மாதவிடாய்க்கு முந்தைய மார்பக வலிக்கு இதை இன்றும் சில மருத்துவர்கள் எழுதுவதுண்டு, அங்கும் சான்று வலுவாக இல்லை என்றார் மருத்துவர். என் மாமியாரின் மூட்டு வலிக்கும் ஒரு பாட்டில் சேர்த்து வாங்கச் சொன்னார்கள் என்று நான் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. மாமியார் இதய வால்வு அறுவைக்குப் பின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துக்கொள்பவர். இந்த எண்ணெயும் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும் அபாயம் உண்டாம். நல்லவேளை, கையில் பணம் இல்லாததால் அதை வாங்கவில்லை. வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று அந்த ஆலோசகர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்; வாங்கிய அன்றே பார்த்திருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இல்லை. இத்தகைய துணை உணவுகளில் (சப்ளிமென்ட்) இருந்தாக வேண்டிய 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் இல்லை. ஒரு மாத்திரையில் காமா லினோலெனிக் அமிலம் எத்தனை மில்லிகிராம் என்ற விவரமும் இல்லை. ஒரு மாத்திரையைக் குத்திப் பிழிந்தபோது காறிப்போன எண்ணெயின் நெடி அடித்தது. இந்த எண்ணெய் வெப்பமும் காற்றும் பட்டால் எளிதில் கெடும் இனம். எத்தனை நாள் எந்தக் கிடங்கில் வெந்ததோ. சைவ உணவுக்காரர்களான எங்களுக்கு, மேலுறை விலங்கு ஜெலட்டினா என்பதைக் காட்டும் குறியீடுகூட அதில் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பிரித்த பாட்டிலுக்குத் தர முடியாது என்றார்கள். பிரிக்காத இரண்டுக்கும் 'பேசிச் சொல்கிறோம்' என்றவர்கள் மறுநாள் என் எண்ணை முடக்கிவிட்டார்கள். பணம் அனுப்பிய ரசீது, உரையாடல்கள், குரல்பதிவுகள், பாட்டிலின் படங்கள் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். துணை உணவை நோய் தீர்க்கும் பொருளாக விளம்பரம் செய்ய இங்கே அனுமதி இல்லை என்பதால், உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தனியாக ஒரு மனு கொடுத்தேன். குழுவில் அந்த விளம்பரத்தைப் பார்த்தவர்கள் தங்கள் உரையாடல்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

மகளுக்கு இப்போது குளித்த ஈரம் காய்வதற்குள் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி தடவுகிறோம். சிவக்கும் நாட்களில் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில், அதே பழைய களிம்பு. பிரிக்காத இரண்டு பாட்டில்களும் புகாருக்குச் சான்றாக அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.