கேட்பதா, பார்ப்பதா, கூடவே உட்காருவதா?

ஒரு மென்பொருள் என்னென்ன செய்யவேண்டும் என்று தெரிந்துகொள்ள மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: ஆளை உட்காரவைத்துப் பேட்டி எடுப்பது, வாய் திறக்காமல் வேலையைக் கவனிப்பது, பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்கு நடுவிலேயே கேட்பது.

பேட்டிக்குச் செலவு குறைவு. மருந்துக்கடை முதலாளியைக் கேட்டால், "பில் போட்டுத்தான் மாத்திரை கொடுப்போம்" என்பார். பொய்யில்லை, கடையின் விதி அதுதான். மாலை ஏழு மணிக் கூட்டத்தில் போய் நின்று பாருங்கள். கவுண்டரில் இருக்கும் பையன் அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டு, துண்டுச்சீட்டில் கிறுக்கிக் கம்பியில் குத்திவைக்கிறான். கூட்டம் ஓய்ந்த பிறகுதான் அது கணினியில் ஏறும். முதலாளி சொன்னதை நம்பி எழுதிய மென்பொருளோ பேட்ச் எண் (மருந்து எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) போடாமல் அடுத்த திரைக்கு விடாது. சீட்டில் அந்த எண்ணே இருக்காது!

பேசாமல் பார்ப்பதன் பலத்துக்கு நல்ல சான்று, 1990 வாக்கில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் லண்டன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில் செய்த ஆய்வு. அங்கே அப்போது ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் விவரம் அச்சிட்ட ஒரு காகிதப் பட்டை. அதைக் கையால் சட்டத்தில் செருகுவார்கள். இதைக் கணினியே அடுக்கிவிட்டால் வேலை மிச்சம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் செருக இடம் பார்க்கும்போதுதான் கட்டுப்பாட்டாளரின் கவனம் அந்த விமானத்தின் மேலும், அதோடு உரசக்கூடிய மற்றவற்றின் மேலும் விழுந்தது. சிக்கலான பட்டையைச் சற்று வெளியே இழுத்து வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் அது தெரியும். பேட்டியில் கேட்டிருந்தால் "பட்டையைச் செருகுவேன்" என்பதோடு முடிந்திருக்கும்.

பேசாமல் பார்ப்பதன் குறை என்னவென்றால், நாள் பிடிக்கும். கையைப் பார்க்கலாம், காரணத்தைப் பார்க்க முடியாது. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் முதல் சில நாள் எல்லாரும் விதிப்படிதான் நடப்பார்கள்.

மூன்றாவது வழியை மென்பொருள் வடிவமைப்பு வல்லுநர்களான கரென் ஹோல்ட்ஸ்ப்ளாட்டும் ஹியூ பேயரும் முறைப்படுத்தினார்கள். தொழில் பழக வந்தவரைப் போல உட்கார்ந்து, "இந்தச் சீட்டை ஏன் தனியா வெச்சீங்க?" என்று அங்கேயே கேட்கலாம். "அது கடன், மாசக் கடைசியில தருவார்" என்று பதில் வந்தால், யாரும் சொல்லாத ஒரு கடன் கணக்கு கையில் கிடைத்துவிடும். விமானக் கட்டுப்பாட்டு அறையில் இப்படிக் குறுக்கே பேச முடியாது. அங்கே மௌனம்தான்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. காலாவதி மருந்தைத் திருப்பி அனுப்புவது, ஆண்டு இறுதி இருப்புக் கணக்கு போன்றவை நாம் போகும் நாளில் நடக்காது. அவற்றுக்கு மட்டும் பேட்டி. இன்னொன்று: குறிப்பேட்டில் பையனின் பெயரை எழுதாதீர்கள். அது முதலாளி கைக்குப் போனால் அவன் வேலைக்கு ஆபத்து, மறுநாளிலிருந்து நமக்கும் எதுவும் கண்ணில் படாது.