கடற்கரை வீட்டில் ஆறு ஆண்டுகள்: என் சிபாப் இயந்திரமும் அதன் உள்ளே இருக்கும் நுரையும்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டுச் சன்னல் கம்பிகளை எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் துரு விடுவதில்லை. அந்த உப்புக் காற்றில்தான் 2018 முதல் ஆறு ஆண்டுகள் என் சிபாப் இயந்திரம் ஓடியது. உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் எனக்கு. முகத்தில் மாட்டும் மாஸ்க் வழியாக இரவு முழுதும் அழுத்தத்தோடு காற்றை ஊதி, மூச்சு வழி அடைபடாமல் வைப்பதுதான் சிபாப். இயந்திரம் வந்த ஒரு மாதத்தில் காலைத் தலைவலி போய்விட்டது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபாப் இயந்திரங்கள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. இரைச்சலைக் குறைக்க உள்ளே வைத்த பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன் நுரை சிதைந்து, கருந்துகள்களாக மூச்சுக்காற்றில் கலக்கலாம். வேதி ஆவிகளும் வெளிப்படலாம். வெப்பமும் ஈரப்பதமும் அந்தச் சிதைவை வேகப்படுத்தும் என்றார்கள். இரண்டும் எங்கள் ஊரில் குறைவா என்ன! என்னுடையது வேறு நிறுவனத்து இயந்திரம். ஆனாலும் பயந்து மூன்று இரவுகள் மாஸ்க்கை மாட்டாமல் படுத்தேன். நான்காம் நாள் காலை மனைவி சொன்னாள்: "உங்களுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?" அன்றே மருத்துவரைப் பார்த்தேன். என்னைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று கண்டித்து அனுப்பினார்.

அந்த அறிவிப்பில் என்னை உலுக்கிய செய்தி வேறு. ஓசோன் கொண்டு சுத்தம் செய்வதும் நுரையின் சிதைவைக் கூட்டும். இயந்திரத்தை விற்றவர் "கிருமியே இருக்காது சார்" என்று என் கையில் கொடுத்தது ஓர் ஓசோன் பெட்டிதான். மூன்று ஆண்டுகள் தினமும் மாஸ்க்கையும் குழாயையும் அதில் வைத்தேன். மாட்டியதும் ஒரு கார வாடை தொண்டையில் இறங்கும், இருமுவேன். ரசாயன ஆலைகள் இருக்கும் சிப்காட் பக்கம் பஸ்ஸில் போகும்போதே மூக்கைப் பொத்திக்கொள்கிற ஊர்க்காரன், அந்த வாடையைச் சுத்தத்தின் வாடை என்று நம்பியிருந்தேன். இப்படிப்பட்ட ஓசோன் பெட்டி எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும், பிறகு நிழலில் உலர்த்தல். காற்றை ஈரமாக்கும் நீர்த்தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் மட்டும். ஞாயிறுதோறும் காற்று வெளிவரும் வாயை வெள்ளைத் துணியால் துடைத்துக் கருமை ஒட்டுகிறதா என்று பார்க்கிறேன். மாஸ்க்கின் சிலிகான் மஞ்சளித்துப் பிசுபிசுத்தால் உடனே மாற்றிவிடுகிறேன்.

2024இல் புதிய இயந்திரம் வாங்கியபோது, உள்ளே என்ன நுரை, மூச்சுக்காற்று போகும் வழியில் தீங்கான துகளோ ஆவியோ கலக்கிறதா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 18562 என்ற சர்வதேசத் தரச் சோதனை நடந்ததா என்று இரண்டே கேள்விகள் கேட்டேன். முதல் கடையில் விலைத் தள்ளுபடியைப் பற்றியே பேசினார்கள். இரண்டாவது கடைக்காரர் இரண்டு நாள் தவணை கேட்டு, நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக் காட்டினார். அவரிடமே வாங்கினேன்.