த்ரஸ்ட் ஃபால்ட்டா, ஸ்ட்ரைக்-ஸ்லிப்பா: எது ஜாஸ்தி குலுக்கும்?

நிலநடுக்கம் வர்றது ஃபால்ட்ல, அதாவது பூமிக்குள்ள பாறை நகர்ற பிளவுல; த்ரஸ்ட்டும் ஸ்ட்ரைக்-ஸ்லிப்பும் அதுல ரெண்டு வகை. ஒரே மேக்னிட்யூட் (நிலநடுக்கத்தோட அளவு), ஒரே தூரம்னு வச்சுக்கிட்டா பொதுவா த்ரஸ்ட் தான் கொஞ்சம் பலமா குலுக்கும். நெருக்கி அமுக்குறதுல ஒரு பக்கப் பாறை சரிவான பிளவு வழியா இன்னொரு பக்கத்து மேல ஏறும், அந்த ஏறுற பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் அடி அதிகம், ஏன்னா பிளவு அவங்க காலுக்கு கீழயே சரிஞ்சு போகுது. 1999 தைவான் சிச்சி நிலநடுக்கத்துல இது பளிச்சுனு பதிவாச்சு. 1994ல அமெரிக்காவோட லாஸ் ஏஞ்சலஸ்ல வந்த நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வெறும் 6.7 தான், ஆனா வெளிய தெரியாம ஒளிஞ்சிருந்த த்ரஸ்ட், அதுவும் நகரத்துக்கு நேர் கீழ, சேதம் கேக்கவா வேணும்.

ஸ்ட்ரைக்-ஸ்லிப்ல பிளவு கிட்டத்தட்ட செங்குத்து, ரெண்டு பக்கமும் கிடைமட்டமா உரசிட்டு நகரும். இங்க மேல் பக்கம் கீழ் பக்கம்னு பெருசா வித்தியாசம் இல்ல, உடைப்பு எந்த திசையில ஓடுதுங்கறதுதான் விஷயம். அது ஓடி வர்ற பக்கம் இருக்கறவங்களுக்கு அலையெல்லாம் ஒண்ணா குவிஞ்சு ஒரே பெரிய உதையா வரும், பின்பக்கம் ஆட்டம் கம்மி ஆனா ரொம்ப நேரம் இழுக்கும், 1992 கலிஃபோர்னியா லாண்டர்ஸ் நிலநடுக்கத்துல அப்படித்தான். 2023 துருக்கி 7.8 கூட இந்த வகைதான், அதனால ஸ்ட்ரைக்-ஸ்லிப்னா சாஃப்ட்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கடலுக்கு அடியில மட்டும் த்ரஸ்ட்டுக்குப் போட்டியே இல்ல, கடல்தரையையே தூக்கிடும், 2004 சுமத்ரா சுனாமி அப்படி வந்ததுதான்.