கொடைக்கானலில் ஒரு பல் மருத்துவமனை: ஒவ்வாமை உள்ளவர்களுக்காக ஒரு மதிப்புரை

கொடைக்கானல் நகரில் நாங்கள் சென்ற இந்தச் சிறிய பல் மருத்துவமனையில் சொல்லிக்கொள்ளும்படியான வசதி எதுவும் இல்லை. காத்திருப்பு அறை குறுகலானது, கட்டணமும் குறைவு என்று சொல்ல முடியாது. ஆயினும் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் அங்குள்ள மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன்.

பண்ணைக்காட்டில் வசிக்கும் என் பெரியம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் வேறொரு மருத்துவமனையில் மரத்துப்போகும் ஊசி போட்டவுடன் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, கண் இருண்டுவிட்டதால், “உங்களுக்கு இந்த மருந்து அலர்ஜி” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பல்வலிக்குக் கிராம்பும் மாத்திரையுமே அவருக்குத் துணை. இம்மருத்துவர் அந்தக் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, “அப்போது உடம்பில் தடிப்பு வந்ததா அம்மா? அரிப்பு, உதடு வீக்கம், மூச்சு இளைப்பு ஏதாவது இருந்ததா?” என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எதுவுமே இல்லை, படுக்க வைத்த சில நிமிடங்களில் சரியாகிவிட்டது என்பதே விடை.

பல் மருத்துவத்தில் மரத்துப்போகச் செய்யப் பெரும்பாலும் பயன்படும் லிக்னோகெய்ன் மருந்துடன், இரத்தக் கசிவைக் குறைக்கவும் மரப்பு நீடிக்கவும் சிறிதளவு அட்ரினலின் சேர்க்கப்படுகிறது. அது இரத்தக் குழாய்க்குள் நேரடியாகப் போய்விட்டால் படபடப்பு வரும். பயத்தினால் மயக்கமும் வரும். இவை இரண்டும் ஒவ்வாமை அல்ல. லிக்னோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. அதற்கு முன் வழக்கில் இருந்த புரோகெய்ன் வகை மருந்துகளில்தான் அது கூடுதலாகக் காணப்பட்டது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது மருந்தே அன்று, அது கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில் பாரபென், அட்ரினலினைக் காக்கும் சல்பைட் போன்ற பொருட்கள். எனவே பாரபென், அட்ரினலின் இரண்டும் இல்லாத மருந்தைத் தேர்ந்தெடுத்து, குப்பியின் மேல் அச்சிட்டிருந்ததை எங்களுக்கும் காட்டினார். ஊசியைச் செலுத்தியபின் அழுத்தும் தண்டைச் சற்றே பின்னுக்கு இழுத்து, இரத்தம் ஏறவில்லை என்று பார்த்துவிட்டு, மிக மெதுவாகச் செலுத்தியதை நான் அருகில் நின்று கவனித்தேன்.

நாங்கள் எதிர்பாராத கேள்வி ஒன்றும் வந்தது. “பட்டர் ஃப்ரூட், மலைவாழை சாப்பிட்டால் வாய் அரிக்குமா?” அரிக்கும் என்றார் பெரியம்மா; பாத்திரம் கழுவ ரப்பர் கையுறை மாட்டினால் மணிக்கட்டு தடித்துப்போகும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். இயற்கை ரப்பரில் உள்ள சில புரதங்களும் வாழை, வெண்ணெய்ப்பழம், கிவி ஆகியவற்றில் உள்ள புரதங்களும் ஒத்த அமைப்புடையவை என்பதால், ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். விருப்பாச்சி வாழையும் வெண்ணெய்ப்பழமும் விளையும் பழனி மலையில் எல்லாப் பல் மருத்துவரும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. உடனே ரப்பர் கையுறைகளை அப்புறப்படுத்தி, இயற்கை ரப்பர் கலக்காத நைட்ரைல் கையுறைகளை எடுத்தார்கள். பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள ஒவ்வாமை நிபுணருக்கு ஒரு கடிதமும் தந்தார். இல்லாத ஒவ்வாமைக்கு இத்தனை காலம் அஞ்சியவருக்கு, இருக்கக்கூடிய ஒவ்வாமையைச் சொல்லி அனுப்பியவர் இவர்தான்.

அவசர மருந்துகள் வைத்த தட்டு கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. கடும் ஒவ்வாமையில் முதல் மருந்து அட்ரினலின்தான், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். ஒவ்வாமை மாத்திரையோ ஸ்டீராய்டோ அதற்கு மாற்றாகாது. இங்கே அட்ரினலின் குப்பிகளின் காலாவதித் தேதி வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. ஆக்சிஜன் உருளையும் இருந்தது. வத்தலக்குண்டுக்கு இறங்குவதற்கே 50 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை உள்ள ஊரில் இதைக் கூடுதல் வசதி என்று கருத முடியாது.

குறையும் உண்டு. நோயாளி நிரப்ப வேண்டிய படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒவ்வாமைக்கு ஒரே ஒரு வரிதான். மருத்துவர் வாய்மொழியாகக் கேட்டிராவிட்டால் வாழைப்பழமும் கையுறையும் அந்த வரிக்குள் வந்திருக்காது. வாய் கொப்பளிக்கத் தரும் குளோர்ஹெக்சிடின்கூட அரிதாகக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும், ஆனால் அதைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை.

சீசன் மாதங்களில் கூட்டம் அதிகம் என்பதால் தொலைபேசியில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அதிலும் காலை நேரத்தையே கேளுங்கள். பல் பிடுங்கியபின் நோயாளி இதுவரை சாப்பிட்டிராத, அமாக்சிசிலின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தால், முதல் மாத்திரையை வீட்டில் ஆள் இருக்கும்போது பகலிலேயே விழுங்கச் சொல்கிறார்கள். இரவில் மூச்சுத் திணறினால், பனிமூட்டத்தில் பண்ணைக்காட்டிலிருந்து எந்த மருத்துவமனைக்கும் விரைவாகப் போய்ச் சேர முடியாது.