கூரை இருந்தும் வானம் தெரியும் அரங்கு

ஸ்பெயினின் கட்டலோனியாவில், தெர்ரா அல்டா வட்டாரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒயினுக்காகவே போகிறார்கள். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த கூட்டுறவு ஒயின் ஆலைகளுக்கு ‘ஒயின் பேராலயங்கள்’ என்றே பெயர்; 1919இல் செசர் மார்த்தினெல் வடிவமைத்த கந்தேசா ஆலையின் செங்கல் வளைவுகளுக்கு அடியில் நிற்பவருக்கு அது மிகையாகத் தோன்றாது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கொர்பெரா டெப்ரே என்ற சிற்றூரிலோ கதை தலைகீழ். இங்கே உண்மையான தேவாலயம், கச்சேரிக்கும் கண்காட்சிக்கும் உரிய ஊர்ப் பொது அரங்காகியிருக்கிறது.

1938 ஜூலை 25 முதல் நவம்பர் 16 வரை, ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது 115 நாள் நீடித்த எப்ரோ சண்டையில், விமானக் குண்டுகளாலும் பீரங்கிகளாலும் குன்றின்மேல் இருந்த பழைய ஊர் சிதைந்தது. போர் முடிந்தபின் மக்கள் அடிவாரத்தில், சாலையை ஒட்டிப் புதிய ஊரைக் கட்டிக்கொண்டார்கள். மேலே புனித பேதுரு தேவாலயத்தின் முகப்பும் சுவர்களும் தூண்களும் எஞ்சின. தலைக்கு மேல்தான் ஒன்றுமில்லை.

கட்டடக் கலைஞர் ஃபெரான் விசோசோ எடுத்த முடிவுதான் இந்த அரங்கின் முழுச் சிறப்பும் என்பேன். 2011இல் நிறைவடைந்த பணியில், இடிந்த கூரையைப் பழையபடி ஓடு வேய்ந்து மூடாமல், ஈடிஎஃப்ஈ என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலத்தை அவர் விரித்தார். சீனாவின் பெய்ஜிங் ஒலிம்பிக் நீச்சல் அரங்கைப் போர்த்தியிருப்பதும் இதே பொருள்தான். கண்ணாடியோடு ஒப்பிட்டால் எடை மிக மிகக் குறைவு என்பதால், அடிபட்ட பழஞ்சுவர்கள் அதிகச் சுமை தாங்க வேண்டியதில்லை. மழை உள்ளே வராது. வானமோ வந்துகொண்டே இருக்கிறது. ஒரு மேகம் கடக்கும்போது தரையில் கிடந்த வெளிச்சம் மங்கி, மெல்லத் தெளிவதை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். காரை பெயர்ந்த இடங்களில் கல் பல்லிளிக்கிறது, அதற்குப் பூச்சு வேலை செய்து ‘புதுப்பிக்கும்’ ஆசை யாருக்கும் வரவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

இதே 1938இல் குண்டுவீச்சுக்கு இரையான இன்னொரு கட்டலோனியத் தேவாலயம், லேய்டா அருகே வில்லானோவா டெ லா பார்க்காவில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதை 2016இல் பல்நோக்கு அரங்காக்கியபோது, அலேயாஒலேயா என்ற குழுவினர் இழந்த பகுதியைத் துளைகளிட்ட வெண்செங்கல் சுவராலும் ஓட்டுக் கூரையாலும் நிரப்பினார்கள். கண்ணுக்கு அது மிக அழகு. ஒரு கூட்டத்தை வசதியாக உட்கார வைக்க அதுவே ஏற்றது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே இழப்பு ஓர் அலங்காரமாக அடங்கிவிடுகிறது. கொர்பெராவில் இசை கேட்கிறவர் அண்ணாந்து பார்த்தால், இல்லாமற்போன கூரைதான் முதலில் தெரியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. இந்தப் படலம் மழைத்துளி பட்டால் பறைபோல அதிரும் இயல்புடையது. மெல்லிய தந்தி இசைக்கு அது பகை. வெயிலும் வடிகட்டப்படாமல் இறங்குவதால் கோடைக்கால நண்பகலைத் தவிர்த்து, மாலைச் சாய்வெயிலில் போவது நல்லது. குளிர்காலத்தில் போகிறவர்கள் கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம், ஏனென்றால் கல் சுவர்களுக்கு இரக்கம் கிடையாது.

அடிவாரத்திலிருந்து ஏறும் வழி இடிபாடுகளுக்கு நடுவே செல்கிறது. கரடுமுரடான தரை, நல்ல செருப்பு தேவை. வழிநெடுக ‘விடுதலையின் அகரவரிசை’ என்ற பெயரில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சிற்பமாகக் கலைஞர்கள் நிறுத்தியிருப்பவற்றை நின்று பார்த்தபடி ஏறினால், நிகழ்ச்சிக்கு அரைமணி முன்னதாகவே கிளம்ப வேண்டியிருக்கும்.