ஓப்பன் விஎம் டூல்ஸ்: லினக்ஸ் விஎம்முக்கு இதுதான் சரி

விஎம்வேர்ல (ஒரே கம்ப்யூட்டருக்குள்ள பல விர்சுவல் மெஷின், அதாவது விஎம், ஓட்டற சாஃப்ட்வேர்) லினக்ஸ் மெஷின் வச்சிருக்கவங்க இன்னும் ஐஎஸ்ஓ மவுன்ட் பண்ணி, டார் ஃபைல பிரிச்சு, பெர்ல் ஸ்கிரிப்ட் ஓட்டித்தான் விஎம்வேர் டூல்ஸ் (விஎம்முக்குள்ள போடற டிரைவர், உதவி புரோகிராம்கள்) போடுறீங்கன்னா தயவுசெஞ்சு விட்டுடுங்க. ஓப்பன் விஎம் டூல்ஸ் 2007லயே ஓப்பன் சோர்ஸா வந்தாச்சு, உபுன்டு, டெபியன், ரெட் ஹாட் எல்லாத்தோட ரெபோலயும் (சாஃப்ட்வேர் கிடங்கு) இருக்கு, வழக்கமான ஆப்ட் (ரெட் ஹாட்டுல டிஎன்எஃப்) அப்கிரேடுலயே இதுவும் சேர்ந்து வந்துடும், தனியா உக்காந்து பாக்க வேண்டியதே இல்ல. எனக்கு ரொம்ப பிடிச்சதே இதுதான். விஎம்எக்ஸ்நெட்3 நெட்வொர்க் டிரைவர் லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்லயே இருக்கறதால கெர்னல் மாறினா டிரைவர மறுபடி கம்பைல் பண்ணற தொல்லையும் கிடையாது. விஎம்கள நிர்வகிக்கற விஸ்பியர்ல 'கெஸ்ட் மேனேஜ்டு'ன்னு காட்டும், பயப்படாதீங்க, அப்டேட்ட ஓஎஸ்ஸே பாத்துக்குதுன்னுதான் அர்த்தம்.

டெஸ்க்டாப்போட யூஸ் பண்றவங்க மட்டும் ஓப்பன் விஎம் டூல்ஸ் டெஸ்க்டாப் பேக்கேஜையும் சேர்த்து போடணும், இல்லன்னா காப்பி பேஸ்ட், ஸ்கிரீன் ரீசைஸ் வேலை செய்யாது.

விண்டோஸ் கதை வேற. அங்க விஎம்வேர் டூல்ஸ்தான், அப்கிரேடுல நெட்வொர்க் டிரைவர் மாறும்போது கனெக்ஷன் கொஞ்ச நேரம் கட் ஆகலாம், ரீபூட்டும் கேக்கலாம், அதனால வேலை நேரத்துல கை வைக்காதீங்க, முன்னாடியே விஎம்மோட அப்போதைய நிலைய சேமிக்கற ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கோங்க (எல்லாம் ஓகேன்னதும் டெலீட் பண்ணிடுங்க, விட்டா டிஸ்க்க தின்னுடும்). விஎம்மோட விர்சுவல் ஹார்டுவேர் வெர்ஷனும் ஏத்தறதா இருந்தா முதல்ல டூல்ஸ், அப்புறம்தான் ஹார்டுவேர், இந்த வரிசைய மாத்தவே மாத்தாதீங்க.

லினக்ஸுக்கு 5க்கு 5 தாராளமா குடுப்பேன், விண்டோஸுக்கு அந்த ரீபூட்டுக்காக 1 குறைச்சு 4.