டைமிங் பெல்ட் ‘செட்’ மாற்றியதாக பில் தந்தால், சின்ன பெல்ட் எங்கே என்று கேளுங்கள்

பழைய மிட்சுபிஷி எல்200 டபுள் கேப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எஞ்சின் 4டி56 டீசல் என்றால் கட்டாயம் படியுங்கள்.

அந்த எஞ்சினின் முன்பக்கக் கவருக்குள் இரண்டு பெல்ட் இருக்கின்றன. பெரியது வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்ட்டையும் டீசல் பம்பையும் சுழற்றுகிறது. சின்னது அதற்குப் பின்னால், கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டை) ஒட்டி ஒளிந்திருக்கிறது. எஞ்சின் நடுக்கத்தைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கானது அது. சின்னது அறுந்தால் கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதானே என்று நினைக்க வேண்டாம். அறுந்த துண்டு பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி அதையும் இழுத்துவிடும். வால்வும் பிஸ்டனும் அசைகிற ஒழுங்கு, அதாவது டைமிங், தப்பினால் பிஸ்டன் வால்வில் அடிக்கும், வால்வை அழுத்துகிற ரொக்கர் ஆர்ம் உடையும்.

எங்கள் வண்டிக்கு நடந்தது இதுதான். கந்தப்பளையிலிருந்து கரட், லீக்ஸ் ஏற்றுகிற வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய டபுள் கேப் விலை எங்கேயோ போய்விட்டது. 2025இல் மறுபடி திறந்தும் எங்களுக்கு எட்டுகிற விலையில் ஒன்றும் இல்லை. இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுவதுதான் வழி. வண்டியின் வருமான லைசன்ஸ் புதுப்பிக்கிற காலமும் நெருங்கியது. எமிஷன் டெஸ்ட் பாஸாகாமல் லைசன்ஸ் இல்லை. அந்த டெஸ்டில் அக்சலரேட்டரை முழுக்க மிதித்துப் புகையை அளப்பார்கள். அரதப்பழைய பெல்ட்டோடு அங்கே போக யாருக்குத் துணிச்சல் வரும்?

ஹட்டன் பக்கம் ஒரு கராஜில் விட்டோம். “ஃபுல் செட் போட்டாச்சு அண்ணே, இனி ஒரு லட்சம் கிலோமீற்றருக்குக் கவலையே இல்லை” என்றார் மெக்கானிக் பாஸ். பில்லிலும் ‘டைமிங் பெல்ட் செட்’ என்றுதான் எழுதியிருந்தது. டெஸ்டும் பாஸ்.

அதற்குப் பிறகு வண்டி மேடு ஏறவில்லை. ரம்பொடை வளைவுகளில் லோடோடு முதலாம் கியரிலேயே முக்கியது. கேட்டால், “குளிருக்கு அப்படித்தான்” என்று பதில். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காற்று மெலிது, டர்போ இல்லாத டீசல் வண்டி மேலே வந்தால் புகை கூடும், பலமும் கொஞ்சம் குறையும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் எங்கள் வண்டி நேற்றா மலைக்கு வந்தது?

கடைசியில் இறக்கத்தில் எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்றால் பிரேக்கை இலகுவாக்குகிற வாக்குவம் இரண்டொரு மிதிக்கு மேல் இருக்காது. பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் இறுகிவிடும். மச்சான் ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து வண்டியை மண்மேட்டில் சாய்த்து நிறுத்தியதால் ஆள் தப்பியது.

நானுஓயாவில் வேறொரு பாஸ் எங்கள் கண்ணெதிரே கவரைக் கழற்றினார். பெரிய பெல்ட் புதிது. சின்ன பெல்ட் நாராகக் கிழிந்து கிடந்தது. மிஞ்சிய துண்டு முழுக்க வெடிப்பு. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் இரண்டும் பழையவை, சுற்றினால் கரகரவென்று சத்தம். ஒயிலைத் தடுக்கிற கிராங்க் சீல் கசிந்து பெல்ட் மேல் ஒயில் வடிந்திருந்தது. கவரைத் திறந்தவுடன் கையில் படுகிறதை மட்டும் மாற்றிவிட்டு முழு செட்டுக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள்.

புகைக் கதை அதைவிட மோசம். டீசல் பம்பில் முழு லோட் ஸ்குரூவைப் பின்னால் திருப்பி டீசலைக் குறைத்திருந்தார்கள். டீசல் குறைந்தால் புகை குறையும், டெஸ்ட் பாஸாகும், மேடு ஏறாது. இஜிஆர் வால்வ் (புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்புவது) சுத்தம் செய்ததாகவும் பில்லில் ஒரு வரி இருந்தது. அதைக் கழற்றவே இல்லை, குழாய்க்கு நடுவே ஒரு தகட்டை வெட்டி வைத்து அடைத்திருந்தார்கள். டீசல் வண்டிக்குப் புகையின் கருமையைத்தான் அளக்கிறார்கள் என்பதால் அது டெஸ்டில் பிடிபடவும் இல்லை.

வால்வுகள் இருக்கிற சிலிண்டர் ஹெட் வேலையோடு இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விட்டது.

கராஜில் வண்டி விடுகிறவர்கள் வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்: கழற்றிய பழைய சாமான் எல்லாம் எனக்கு வேண்டும் என்று. 4டி56 என்றால் இரண்டு பெல்ட், இரண்டு டென்ஷனர் கைக்கு வர வேண்டும். சீலையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள், கவரை இன்னொரு முறை திறக்கிற கூலி மிச்சம். கிராங்க் புல்லியை (முன்பக்கச் சக்கரத்தை) கழற்றாமல் சின்ன பெல்ட்டைத் தொடவே முடியாது, ஆகவே புல்லி கழன்றதா என்று போய்ப் பாருங்கள். சில பாஸ்மார் சின்ன பெல்ட்டை வேண்டுமென்றே எடுத்துவிடுவார்கள். எஞ்சின் கொஞ்சம் நடுங்கும், ஆனால் அறுந்து மாட்டுகிற பயம் இல்லை. அதைச் சொல்லிவிட்டுச் செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பில்லில் ‘செட்’ என்று எழுத விடாதீர்கள், ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். டெஸ்ட் முடிந்த கையோடு லோட் ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு மிச்சக் காசைக் கொடுங்கள்.

பழைய கராஜ்காரர் சின்ன பெல்ட்டின் விலையை மட்டும் திருப்பித் தருகிறாராம். வாங்கவில்லை. பில்லையும் கிழிந்த பெல்ட்டையும் படம் எடுத்து வைத்திருக்கிறோம். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குப் பேசியாயிற்று, எழுத்து மூல முறைப்பாடு இந்தக் கிழமை போகிறது.